நாற்பதாவது கல்யாண நாளும் ஒரு முள்கரண்டியும்

கொஞ்சம் நீளமான பதிவு இது. நேரம் கிடைக்கும்போது படியுங்கள் பிள்ளைகளே.

போன வாரம் எங்களுக்கு நாற்பதாவது கல்யாண நாள். வாழ்த்துச் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "எங்க டீச்சர் கொண்டாடினீங்க?" என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். சென்னையில் ஒரு ஐந்து நட்சத்திர ஓட்டலில்! சத்துணவுக்கு வரிசையில் நிற்க வைத்த அதே டீச்சர்தான். மகன் ஒரு மாதத்துக்கு முன்பே எங்களுக்காக மேஜை பதிவு செய்துவிட்டான்.

ஆனால் எங்கள் வீட்டு சார் வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். அதற்குக் காரணம் உண்டு.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குப் பக்கவாதம் வந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பேச்சு திரும்பிவிட்டது. நடையும் திரும்பிவிட்டது. வலது கை விரல்கள் மட்டும் மடங்க மறுக்கின்றன. அதன் பிறகு நடந்ததுதான் பலருக்குத் தெரியாது. ஒரு கல்யாணப் பந்தியில் இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைச் சுளித்து, தன் இலையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. பாயசம் வருவதற்குள் இவர் இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்.

அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் அட்சதை போடுவார், மொய் எழுதுவார், "சுகர் இருக்கு, வீட்டுச் சாப்பாடுதான்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார். உறவுகளே, அவருக்குச் சர்க்கரை கிடையாது!

மன்னை எக்ஸ்பிரஸில் போகும்போதும், "நீங்கள்லாம் சாப்பிடுங்க, நான் ஒரு ஜூஸ் குடிச்சுக்கிறேன்" என்றார். மகனிடம் எதுவும் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வேறு.

ஓட்டலுக்குள் நுழைந்ததும் எனக்கே கால் கூசியது. அவ்வளவு பளபளப்பு. மேஜையில் தட்டுக்கு இடப்பக்கம் முள்கரண்டிகள், வலப்பக்கம் கத்தியும் ஸ்பூனும். எதை முதலில் எடுப்பது? எட்டு வயதுப் பேத்திதான் பாடம் நடத்தினாள். வெளிப்பக்கம் இருப்பதிலிருந்து ஆரம்பித்து உள்ளே வரவேண்டுமாம். துணியை மடியில் விரிக்க வேண்டுமாம். கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து ஒரே பக்கமாக வைத்துவிட்டால் சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்று அர்த்தமாம். நம் ஊரில் இலையை மடிக்கிறோமே, அதே மாதிரி.

விலைப்பட்டியலை நான் பார்த்திருக்கக் கூடாது. ஒரு கிண்ணம் காளான் சூப் 650 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. என் முதல் மாதச் சம்பளம் ஏறக்குறைய ஒரு சூப்புக்குச் சரி!

சூப் வந்தது. ஸ்பூன் வலப்பக்கம் இருந்தது. சார் அதைத் தொடவே இல்லை. பரிமாற வந்த தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும், ஒரு நிமிடம் அவர் கையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்பூனை எடுத்து இடப்பக்கம் வைத்தார், தண்ணீர் டம்ளரையும் அந்தப் பக்கம் நகர்த்தினார், போய்விட்டார். அவ்வளவுதான். சார் ஸ்பூனை எடுத்தார்.

அடுத்து வஞ்சிரம் மீன், எலுமிச்சை வெண்ணெய் சாஸோடு. முள்கரண்டியிலேயே உதிரும் அளவுக்கு மெத்தென்று இருந்தது. நான் வலது கையில் முள்கரண்டியைப் பிடித்துத் தடுமாறிக்கொண்டிருந்தேன். பேத்தி சத்தமாகச் சொன்னாள்: "பாட்டி, நீங்க தப்பு! ஃபோர்க்க லெஃப்ட் ஹேண்ட்லதான் புடிக்கணும். தாத்தா பாருங்க, கரெக்ட்டா புடிக்கிறாங்க!"

சுற்றிலும் பார்த்தேன். நிறைய மேஜைகளில் இடது கைதான் வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. சாரும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "டீச்சர், இங்க நீங்கதான் ஃபெயில்" என்றார். இரண்டு வருடத்துக்குப் பிறகு வெளியிடத்தில் தட்டைக் காலி செய்தார். மகன் எதையும் கேட்கவில்லை. ஆனால் புரிந்துகொண்டான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பந்தியில் முகம் சுளித்தவர் மேல் எனக்கு எவ்வளவு கோபம் இருந்தது! ஆனால் நான் என்ன செய்தேன்?

மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை. இடது கையால் முத்து முத்தாக எழுதுவாள். "சோத்துக் கைல எழுதுடி" என்று ஸ்கேலால் விரல் முட்டியில் தட்டினேன். வலது கைக்கு மாறினாள். எழுத்து கோணலானது. கையெழுத்து சரியில்லை என்று அதற்கும் தட்டினேன்.

அதே வகுப்பில்தான், காந்தி இரண்டு கையாலும் எழுதுவார் என்று பெருமையாகப் பாடம் நடத்தினேன். 1909இல் கப்பலில் 'இந்திய சுயராஜ்யம்' எழுதும்போது வலது கை ஓய்ந்ததும் இடது கையால் எழுதினார் என்றேன். காந்திக்குப் பெருமை, என் மாணவிக்கு அடி. பத்துப் பேரில் ஒருவர் இடது கைப் பழக்கத்தோடுதான் பிறக்கிறார்கள். அப்படியென்றால் நான் தட்டிய கைகள் எத்தனை? கணக்கு டீச்சராக இருந்தும் அந்தக் கணக்கைப் போட எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்தப் பெண்ணின் பெயரை இங்கே எழுதவில்லை. அவளும் இந்தப் பக்கத்தில் இருக்கிறாள், அவளுக்குத் தெரியும். அம்மா, நான் செய்தது தப்பு. உன் எழுத்து அன்றைக்கே அழகாகத்தான் இருந்தது. அவளைப் போல என்னிடம் அடி வாங்கிய மற்றப் பிள்ளைகளும் என்னை மன்னித்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை இடது கையில் பென்சில் பிடித்தால் விட்டுவிடுங்கள்.

உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மாதம் நாத்தனார் வீட்டுக் கல்யாணம். இந்த முறை சார் பந்தியில் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். "ஒரு ஸ்பூன் மட்டும் பையில எடுத்து வை" என்றார். பக்கத்து இலை உங்களுடையதாக இருந்தால், அவர் எந்தக் கையால் சாப்பிடுகிறார் என்று பார்க்காதீர்கள். "மாமா, ரசம் விடச் சொல்லட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள். பாயசத்தையும் மறக்காமல் வைக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்