இரவுப் பணியாளனின் காலைத் தியானம்

தினந்தோறும் வேதம் வாசித்து ஜெபிப்பதற்கு நேரம் கிடைப்பதில்லை என்ற குறையை இன்று கிறிஸ்தவ இல்லங்கள் பலவற்றில் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலும் கேட்கலாம், இரண்டு வேலை செய்து குடும்பத்தைக் கொண்டு நடத்தும் நம்மவர்கள் வாழும் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இன்னும் அதிகமாகவே கேட்கலாம். இக்குறைக்குப் பிரசங்க பீடங்களிலிருந்து வழக்கமாக வரும் பதில், அதிகாலையில் எழும்புங்கள் என்பதாகும். இருட்டோடு எழுந்து தனிமையான ஓரிடத்துக்குப் போய் இயேசு ஜெபித்த செய்தி மாற்கு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் உண்டு. அதனையே ஆதாரமாகக் காட்டுவார்கள்.

நல்ல ஆலோசனைதான். ஆனால், அதிகாலை இரண்டு மணிக்குக் கட்டிலுக்குப் போகிறவனுக்கு அதனால் என்ன பயன்? நான் பத்திரிகைத் தொழிலில் இருப்பவன். எங்களுடைய நாள் பிற்பகலில் தொடங்கும். கடைசிப் பக்கம் அச்சுக்குப் போகும்போது ஊர் உறங்கிவிடும். மருத்துவமனைத் தாதியர், காவலாளிகள், வெதுப்பக ஊழியர்கள் ஆகியோரும் இதே சாதியினர்தான்.

மாற்குவின் அந்த அதிகாரத்தை முழுமையாக வாசித்தால் வேறொன்றும் தெரியும். முதல் நாள் மாலையில் அவ்வூர் மக்கள் எல்லோரும் நோயாளரைச் சுமந்துகொண்டு வாசலில் திரண்டிருந்தார்கள். மறுநாள் சீடர்கள் அவரைத் தேடிக்கொண்டு போகிறார்கள். மற்றவர்கள் கைவைக்காத பொழுது என்று அவருக்கு எஞ்சியிருந்தது அந்த விடியற்புறம் மட்டுமே. அவரவர் வாழ்க்கையில் அப்படி எஞ்சுகின்ற பொழுது எது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை என்று நான் நினைக்கிறேன். அது காலையாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

எங்கள் வீட்டில் அப்பொழுதைத் தீர்மானித்தது மண்ணெண்ணெய். 1990 ஆம் ஆண்டில் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோயிற்று. எரிபொருளுக்கும் தடை வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, திரி போட்டு எரித்த விளக்கை அக்காலத்தில் அங்கு வாழ்ந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அந்த விளக்கடியில் அப்பா ஒரு சங்கீதத்தை வாசிப்பார். வாசித்து முடிந்தவுடன் அம்மா விளக்கை ஊதி அணைத்துவிடுவார். ஜெபத்துக்கு வெளிச்சம் தேவையில்லை என்பது அவருடைய கணக்கு. இருட்டில் இருந்துதான் ஜெபித்தோம். எண்ணெய் குறைவாக இருந்த நாட்களில் அப்பா சிறிய சங்கீதமாகப் பார்த்து வாசித்தார். 117 ஆவது சங்கீதத்துக்கு இரண்டே வசனங்கள். ஆனால், வாசிக்காமல் விட்ட நாள் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வுக்குப் பின்னர் கொழும்புக்கு வந்து பத்திரிகை ஒன்றில் சேர்ந்தேன். அந்த வேலையில் இரவுச் சாப்பாட்டுக்கே நேரம் ஒழுங்கில்லை. குடும்ப ஜெபத்துக்குக் குடும்பமும் பக்கத்தில் இல்லை. எங்கள் ஒப்புநோக்கும் பகுதியில் வயதில் மூத்த ஒருவர் இருந்தார். அங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்தவர். கடைசிப் பக்கம் போனபின், எங்களை வீடுகளில் இறக்கிவிடும் வாகனம் வருவதற்கு 20 நிமிடமாவது பிடிக்கும். நாங்கள் தேநீரும் அரட்டையுமாக இருக்கும்போது அவர் மட்டும் மேசையின் மூலையில் பழைய ஜெபப் புத்தகம் ஒன்றை விரித்துவைத்துக்கொண்டிருப்பார்.

"என்ன ஐயா, சாமத்திலை காலைத் தியானமோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"தம்பி, எங்களுக்கு இதுதான் விடியப்புறம். இந்த இருபது நிமிசத்தை ஒருத்தரும் எங்களிட்டைக் கேக்க மாட்டினம். அதுதான் அவருக்குக் குடுத்திருக்கிறன்" என்றார்.

அவர் பின்பற்றிய முறை மிகப் பழையது. இங்கிலாந்துத் திருச்சபையின் பொது ஜெபப் புத்தகம் 1549 ஆம் ஆண்டில் பேராயர் தோமஸ் கிரான்மரின் முயற்சியால் வெளிவந்தபோது, 150 சங்கீதங்களும் ஒரு மாதத்துக்குள் வாசித்து முடிக்கும்படி அதில் பங்கிடப்பட்டன. நாளொன்றுக்குக் காலைக்கு ஒரு பகுதி, மாலைக்கு ஒரு பகுதி என 30 நாட்களுக்கு 60 பகுதிகள். 176 வசனங்களைக் கொண்ட 119 ஆவது சங்கீதம் மாத்திரம் 24 ஆந் திகதி மாலையில் தொடங்கி 26 ஆந் திகதி மாலை வரை நீளும். 31 ஆந் திகதி வந்தால் 30 ஆந் திகதிக்குரியதை மீண்டும் வாசிப்பார்கள். என் நண்பர் ஒரு மாதம் காலைப் பகுதியையும் அடுத்த மாதம் மாலைப் பகுதியையும் வாசித்தார். இரண்டு மாதத்தில் ஒரு சுற்று. ஆண்டுக்கு ஆறு சுற்று. வாசிக்க 10 நிமிடம், மௌனமாயிருந்து ஜெபிக்க 10 நிமிடம்.

அமெரிக்க மிஷன் வழிவந்த எங்கள் திருச்சபையில் இந்த அட்டவணை வழக்கத்தில் இல்லை. ஆயினும், நானும் அதனைக் கைக்கொள்ளத் தொடங்கினேன். இதிலுள்ள ஒரு நன்மையைப் பத்திரிகைக்காரன் உடனே விளங்கிக்கொள்வான். பகுதிகள் திகதியோடு கட்டப்பட்டிருப்பதால், இதில் பாக்கி என்று ஒன்று சேர்வதில்லை. ஆண்டின் முதல் நாளில் ஆதியாகமத்தில் தொடங்கி, லேவியராகமத்தில் பத்து நாள் பிந்தி, அந்தப் பத்து நாள் கடனை நினைத்தே புத்தகத்தை மூடிவைத்தவர்கள் அநேகரை எனக்குத் தெரியும். திகதி அட்டவணையில் 12 ஆந் திகதி தவறினால் 13 ஆந் திகதிக்குரியதை வாசிக்க வேண்டியதுதான். மின்வெட்டால் நேற்றைய பத்திரிகை நின்றுபோனாலும், இன்று நாம் அச்சிடுவது இன்றைய பத்திரிகையைத்தானே?

இரண்டாவது நன்மை எனக்குப் பிந்தித்தான் புலப்பட்டது. அன்றைய பகுதியை நாம் தெரிவுசெய்வதில்லை. நம்மைக் கேட்டிருந்தால் 23 ஆவது சங்கீதத்தையும் 91 ஆவது சங்கீதத்தையும் மட்டுமே திரும்பத் திரும்ப வாசித்திருப்போம். அட்டவணையோ 17 ஆந் திகதி காலையில் 88 ஆவது சங்கீதத்தைக் கொண்டுவந்து நிறுத்தும். முறைப்பாட்டில் தொடங்கும் சங்கீதங்கள் பலவும் இறுதியில் நம்பிக்கையை நோக்கித் திரும்பிவிடும். 88 ஆவது திரும்புவதில்லை. அது இருளிலேயே முடிகிறது. கடவுளை நோக்கி இப்படியும் பேசலாம் என்று யாரோ ஒருவர் அதனை வழிபாட்டுப் புத்தகத்துக்குள்ளேயே சேர்த்து வைத்திருக்கிறார்.

2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியிலிருந்து வந்த செய்திகளை இரவிரவாகப் பக்கங்களில் சேர்த்தவர்களுள் நானும் ஒருவன். எழுத முடிந்தவை சில. எழுத முடியாதவை பல. இறந்தோர் தொகையைத் தலைப்பில் திருத்திவிட்டு வந்து கடவுளைத் துதிப்பது எவ்வாறு? அந்நாட்களில் எனது விசுவாசம் அறுந்துவிடும் இழையாகவே இருந்தது. ஜெபிக்க எனக்கென்று சொற்கள் இருக்கவில்லை. அட்டவணை தந்த முறைப்பாட்டுச் சொற்களை இரவல் வாங்கிக்கொண்டேன். எதுவரைக்கும் என்று 13 ஆவது சங்கீதக்காரர் கேட்பதை நானும் கேட்டேன். சிலுவையிலே இயேசுவின் வாயில் வந்ததும் 22 ஆவது சங்கீதத்தின் முறைப்பாடே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு கட்டுவப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பின் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீயோனில் பலியானவர்களுள் சிறுவர் பலர். அன்றிரவு பக்கங்கள் முடிந்தபின் அந்தத் திகதிக்குரிய பகுதியை வாசித்தேன். ஆறுதல் கிடைத்தது என்று சொன்னால் அது பொய். ஆனால், அடுத்த இரவும் வாசித்தேன். அதற்கடுத்த இரவும் வாசித்தேன். விசுவாசம் புதுப்பிக்கப்படுவது என்பதை நன்மைக்கூட்டங்களில் பொங்கும் உணர்ச்சியோடு சேர்த்தே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். என் அனுபவத்தில் அது அநேகமாக ஓசையின்றி நிகழ்ந்தது. பல வாரங்களுக்குப் பின்னர் ஓரிரவு, முறைப்பாடாக அன்றி நன்றியாக ஒரு வசனத்தை வாசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைக் கவனித்தேன். எந்த நாளில் அது மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

காலைதோறும் கடவுளின் இரக்கம் புதிதாகிறது என்ற கருத்துடைய வசனத்தைக் கிறிஸ்தவ நாட்காட்டிகளில் சூரியோதயப் படத்தோடு அச்சிட்டிருப்பார்கள். அது புலம்பல் நூலின் மூன்றாம் அதிகாரத்தில் உள்ளது. பாபிலோனியர் எருசலேமை அழித்தபின், அந்தச் சாம்பல் மேட்டைப் பார்த்து அழுத அழுகைதான் அந்நூலின் ஐந்து அதிகாரங்களும். அவ்வசனத்துக்கு முன்னும் அழுகை, பின்னும் அழுகை. நடுவில் நின்று ஒருவர் அப்படிச் சொல்லியிருக்கிறார். முழு அதிகாரத்தையும் வாசிக்கிறவனுக்கே அந்த வசனத்தின் பாரம் தெரியும்.

இதில் ஓர் அபாயமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. ஸ்கொட்லாந்தின் டண்டீ நகரில் ஊழியஞ்செய்த றொபேட் மறே மக்செய்ன் என்ற இளம் போதகர், பழைய ஏற்பாட்டை ஒரு தடவையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு தடவைகளும் ஓராண்டில் வாசிக்கும் அட்டவணை ஒன்றை 1842 இல் தமது சபையாருக்காகத் தயாரித்தார். இன்றும் உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். அதன் நன்மைகளைச் சொல்வதற்கு முன்னர் அவர் ஆபத்துகளையே வரிசைப்படுத்தினார். வெறும் சடங்காகிவிடுதல், தன்னை நீதிமான் என்று எண்ணுதல், கவனமின்றி வாசித்தல், சிலருக்கு அது சுமக்க இயலாத நுகமாதல் என்பன அவை. அட்டவணையை முடிப்பதே நோக்கமாகிவிட்டால், பிழை பார்க்காமல் கையெழுத்திட்டு அனுப்பும் ஒப்புநோக்குநரின் வேலை போலாகிவிடும்.

ஆகவே, நேரமில்லை என்று சொல்லும் அன்பர்களுக்கு எனது தாழ்மையான யோசனை இதுதான். நாளை முதல் நான்கு மணிக்கு எழும்புவேன் என்று சபதம் செய்ய வேண்டாம். உங்கள் நாளில் ஏற்கெனவே காத்திருப்பாகக் கழியும் ஒரு பொழுதைத் தேடுங்கள். பணியிட வாகனத்துக்கான காத்திருப்பாக இருக்கலாம், ரயில் பயணமாக இருக்கலாம், பிள்ளையின் வகுப்பு முடியும்வரை காருக்குள் இருக்கும் நேரமாக இருக்கலாம். ஒரு சங்கீதம் போதும். கைத்தொலைபேசியில் வாசிக்கலாம், ஆனால், பிற அழைப்புகள் குறுக்கிடுவதால் எனக்கு அச்சுப் புத்தகமே வசதி. தவறிய நாளை எண்ணிக்கொண்டிராமல் அன்றைய திகதிக்குரியதை வாசியுங்கள். மனம் ஒத்துழைக்காத நாளில் அதையும் அவரிடமே சொல்லிவிடுங்கள். சங்கீதக்காரர்கள் அதைத்தான் செய்தார்கள்.

அந்த மூத்த நண்பர் இன்று உயிரோடு இல்லை. அவருடைய மரண அறிவித்தலை ஒப்புநோக்கியவன் நான். திகதியைப் பார்த்தபோது, அன்று இரவு எந்தச் சங்கீதம் வாசிக்க வேண்டும் என்பதும் கூடவே நினைவுக்கு வந்தது. வாகனம் வருவதற்கு முன்னர் அதனை வாசித்து முடித்தேன்.