ஒரு லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டருக்கு என்ன விலை?

பழைய சொகுசு கார் பார்க்கப் போகிறவர்கள் கதவைத் திறந்ததும் குனிந்து பார்ப்பது மீட்டரைத்தான். ஆறு இலக்கம் தெரிந்தால் முகம் மாறிவிடும். “ஒன்றரை லட்சம் தாண்டிடுச்சா? வேண்டாம்பா” என்று பாதிப் பேர் அங்கேயே திரும்பிவிடுவார்கள். மீதிப் பேர் அந்த எண்ணைக் காட்டியே அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள். இரண்டுமே அந்தக் காருக்கும் அதை வைத்திருந்தவருக்கும் செய்கிற அநியாயம் என்பது என் எண்ணம்.

கிலோமீட்டர் என்பது தூரக் கணக்கு. எஞ்சின் தேய்வதோ ஓடிய நேரத்தையும் ஓடிய விதத்தையும் பொறுத்தது. கோயம்புத்தூருக்கும் சென்னைக்கும் இடையே நெடுஞ்சாலையிலேயே ஓடிய ஒரு காரை எடுத்துக்கொள்வோம். சராசரி வேகம் மணிக்கு 65 கிலோமீட்டர் என்று வைத்தால், 1,64,000 கிலோமீட்டருக்கு அதன் எஞ்சின் ஓடியது சுமார் 2,500 மணி நேரம். அண்ணா சாலையிலும் வடபழனி சிக்னலிலும் மணிக்கு 18 கிலோமீட்டரில் ஊர்ந்த இன்னொரு கார், வெறும் 62,000 கிலோமீட்டருக்கே 3,400 மணி நேரத்துக்கு மேல் ஓடியிருக்கும். அத்தனை நேரமும் ஏசி போட்டு, பிரேக்கை மிதித்து, கியர் ஏறி இறங்கி, எஞ்சின் சரியாகச் சூடேறுவதற்குள் அணைந்து ஓடிய ஓட்டம் அது. மீட்டரைப் பார்த்து மட்டும் விலை பேசுகிறவர் இரண்டாவது காருக்கு அள்ளிக் கொடுப்பார். டிரிப் கம்ப்யூட்டரில் சராசரி வேகம் என்று ஒரு எண் வரும். கடைசியாக அதை அழித்த நாளிலிருந்துதான் கணக்கு என்றாலும், கார் எந்த மாதிரிச் சாலையில் வாழ்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடும். பெரும்பாலும் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று உண்டு. “புதுசுல நாற்பது லட்சத்துக்கு மேல சார், இப்ப பத்து லட்சத்துக்கு வருது” என்று புரோக்கர் சொல்வார். கேட்கிறவர் மனத்தில் அந்த வித்தியாசம் முழுவதும் தனக்கு லாபமாகப் பதிந்துவிடும். இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். பாகங்களின் விலை இறங்கவில்லை. பத்து லட்ச ரூபாய்க் காருக்கும் நாற்பது லட்ச ரூபாய்க் காரின் ஷாக் அப்சார்பரைத்தான் வாங்கிப் போட வேண்டும். ஆகவே இப்படிப்பட்ட காரின் நியாய விலையைப் பழைய ஷோரூம் விலையிலிருந்து கழித்துக்கொண்டு வந்தால் கிடைக்காது. அடுத்த இரண்டு ஆண்டுகளில் இந்தக் கார் என்னென்ன கேட்கப் போகிறது, இதுவரை கேட்டதில் எதையெல்லாம் உரிமையாளர் கொடுத்துவிட்டார் என்ற இரண்டு கேள்விகளிலிருந்துதான் அது வரும்.

2023-ல் என் மைத்துனருக்காகக் கோவையில் ஒரு பிஎம்டபிள்யூ 520டி பார்த்தோம். 2012 மாடல், மீட்டரில் 1,64,000. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில், 2007-ல் திறந்த ஆலையில் பூட்டப்பட்ட வண்டி. இந்த மாடலின் டீசல் எஞ்சின் என்47 வகை. அதன் டைமிங் செயின் எஞ்சினின் பின்புறம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயின் தேய்ந்தால் மாற்றுவதற்கு எஞ்சினையோ கியர்பாக்ஸையோ கழற்றியாக வேண்டும். அறுந்தால் எஞ்சினே போய்விடும். இந்த எஞ்சின் வந்த ஆரம்ப ஆண்டுகளில் உலகம் முழுக்க இந்தப் புகார் இருந்தது. இன்னொன்று, கழிவுப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலர். 2018-ல் தென் கொரியாவில் பல 520டி கார்கள் தீப்பிடித்ததும், அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் திரும்ப அழைக்கப்பட்டதும் இந்தக் கூலரால்தான். எட்டு கியர் கொண்ட இசட்எஃப் கியர்பாக்ஸ் அருமையானது. ஆனால் அதன் ஆயிலை மாற்றவே வேண்டாம் என்று ஒரு பேச்சு பட்டறைகளில் உலவுகிறது. கியர்பாக்ஸைச் செய்யும் இசட்எஃப் நிறுவனமே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது எட்டு ஆண்டுகளுக்குள் மாற்றச் சொல்கிறது. வாங்கப்போகும் மாடலுக்கு இப்படி என்னென்ன நோய் வரும் என்று தெரிந்துகொள்ளாமல் விலை பேச உட்காரவே கூடாது.

போகும் முன்பே போனில் ஒன்று கேட்டுக்கொண்டோம்: நாங்கள் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். எங்களோடு வந்த மெக்கானிக் அண்ணன் பானட்டின் மேல் கை வைத்துப் பார்த்தார், சில்லென்று இருந்தது. ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் பின்பக்கமாகக் காதைக் கொடுத்து நின்றார். செயின் தேய்ந்திருந்தால் குளிர்ந்த எஞ்சினில் அந்தப் பக்கமிருந்து ஒரு கரகரப்பு கேட்கும். கேட்கவில்லை. காரின் சொந்தக்காரர், மில் உதிரிபாக வியாபாரம் செய்யும் பெரியவர், ஒரு தடித்த ஃபைலை எடுத்து வந்தார். “செயின் மாத்துன பில் இருக்குதுங்க. கூலரையும் அப்பவே பாத்துட்டாங்க” என்றார். 1,12,000 கிலோமீட்டரில் போட்ட பில். ஆயில் மாற்றிய ஒவ்வொரு பில்லிலும் தேதியும் கிலோமீட்டரும் வரிசையாக ஏறிக்கொண்டே போயின. மீட்டரைக் குறைத்திருந்தால் இந்த வரிசை எங்காவது இடறும். ஸ்கேனர் போட்டால், டேஷ்போர்டில் மாற்றிவிட்டு மற்றக் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் மாற்றாமல் விட்ட எண்ணும் பிடிபடும். இங்கே எல்லாம் ஒத்துப்போயின.

குறைகளும் இருந்தன. டயரின் ஓரத்தில் நீள்வட்டத்துக்குள் 3117 என்று பொறித்திருந்தது. 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்த டயர் என்று பொருள். பட்டன் நன்றாகவே இருந்தாலும் ரப்பர் இறுகிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயில் மாற்றியதற்குப் பில் இல்லை. மேடு பள்ளத்தில் முன்பக்கம் ‘டொக்’ என்றது. லோயர் ஆர்ம் இரண்டும் மாற்ற வேண்டியவை.

அவர் கேட்டது 11.25 லட்சம். அதே ஆண்டு, அதே மாடல், ஏறக்குறைய அதே ஓட்டத்தில் அப்போது சந்தையில் இருந்தவை பத்தரை லட்சத்தைச் சுற்றி இருந்தன. ரன்ஃபிளாட் டயர் நான்குக்கு ஒரு லட்சம், கியர்பாக்ஸ் ஆயிலும் அடித்தட்டோடு சேர்ந்த ஃபில்டரும் 45,000, ஆர்ம் வேலை 60,000 என்று மெக்கானிக் சொன்னார். மைத்துனர் மொத்தத்தையும் கழிக்கச் சொன்னார். டயருக்கு மட்டும் நான் ஒப்பவில்லை. அந்த விலைக்குச் சந்தையில் கிடைக்கும் எந்தக் காரிலும் புது டயர் இருக்காது. பாதி தேய்ந்ததுதான் இருக்கும். புது டயரின் மீதி ஆயுளை அனுபவிக்கப் போவதும் வாங்குகிறவர். ஆகவே பாதி, 50,000. மற்ற இரண்டும் தவணை தாண்டிய வேலைகள், முழுதாகக் கழிக்கலாம். செயினுக்கு என்ன செய்வது? அந்தச் செலவை ஏற்கெனவே செய்துவிட்டவருக்கும், செய்யாமல் நம் தலையில் கட்டுகிறவருக்கும் ஒரே விலை கொடுப்பது எந்த ஊர் நியாயம்? அதற்காக 75,000 கூட்டினோம். சந்தை விலையான பத்தரை லட்சத்திலிருந்து கூட்டிக் கழித்தால் 9.70 லட்சம். காகிதத்தில் எழுதியே பெரியவரிடம் காட்டினோம். ஒவ்வொரு வரியாகப் படித்தார். “கூட்டியும் போட்டிருக்கீங்க, செரி” என்று சொல்லி, 9.75-க்கு ஒப்புக்கொண்டார். கழிக்க மட்டும் தெரிந்தவர்களோடு பேசிப் பேசி அலுத்திருந்தார் போலும்.

இந்தக் கணக்கெல்லாம் நேர்மையான காருக்குத்தான். சில கார்களுக்குக் கணக்கே போடக் கூடாது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் மூழ்கிய கார்கள் ஏராளம். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். சொகுசு காரில் மூளையெல்லாம் தரைவிரிப்புக்கும் சீட்டுக்கும் அடியில் வயர்களாகவும் பெட்டிகளாகவும் ஓடுகின்றன. தண்ணீர் பட்ட கார் பாதி விலைக்கு வந்தாலும் அது விலையே அல்ல.

டெல்லி கார்களும் மலிவாக வருகின்றன. அங்கே பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்குத் தடை என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது இதற்கு முக்கியக் காரணமாக இருந்தது. கார் நன்றாகவே இருக்கலாம். என்.ஓ.சி., மறுபதிவு, இங்கே கட்ட வேண்டிய ஆயுள் வரி எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, அதற்குப் பிறகும் மலிவா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸில் போட்டிருக்கும் ஐடிவி தொகையைக் காட்டி விலை கேட்பவர்களும் உண்டு. ஐந்து ஆண்டு கடந்த வண்டிக்கு அந்தத் தொகை உரிமையாளரும் கம்பெனியும் பேசி வைத்துக்கொள்வதுதான். அது விலைக்குச் சாட்சி ஆகாது. பழைய உரிமையாளரின் நோ கிளெய்ம் போனஸும் காரோடு வராது, அவரோடே போய்விடும்.

என்னைக் கேட்டால், ஃபைல் உள்ள 1,64,000 கிலோமீட்டர் காருக்கு, ஃபைல் இல்லாத 60,000 கிலோமீட்டர் காரைவிடக் கூடுதலாகவே கொடுக்கலாம். காரின் விலையில் கால் பங்கையாவது பழுதுக்கென்று தனியே எடுத்துவைக்க முடியாதவர்கள், அதே பணத்துக்கு நல்ல சிறிய கார் ஒன்றைப் புதிதாக வாங்கிக்கொள்வதே மேல்.

இப்போது இந்தக் கார்களை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கம்பெனி சர்வீஸோ தெருமுனைப் பட்டறையோ, எங்கே வேலை செய்தாலும் தேதி, கிலோமீட்டர், மாற்றிய பாகம் மூன்றையும் எழுதி வாங்கி ஃபைலில் வையுங்கள். நாளை வாங்க வருகிறவர் அந்தப் பில்களைக் கேட்டால், நம்மைச் சந்தேகப்படுகிறார் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்குக் கூடுதலாகக் கொடுக்கக் காரணம் இருக்கிறதா என்றுதான் அவர் தேடுகிறார்.