தேக்கடி தரும் பாடம்

உல்லாசப் பயணிகளால் காடுகளுக்குக் கேடே விளைகிறது என்று கூறுவோர் உண்டு. அக்கூற்றில் உண்மை இல்லாமலில்லை. கோடை வாசத்தலங்களின் சாலையோரங்களில் சிதறிக் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளும் உடைந்த புட்டிகளுமே அதற்குச் சான்று. ஆயினும், அதே பயணிகளுள் சிலர் காட்டைக் காக்கும் பணியில் கைகொடுக்க முன்வருவதையும் காண்கிறோம். அவர்களை அவ்வாறு தூண்டுவது எது? எச்சரிக்கைப் பலகையா? அபராதமா? இவ்வினாவை மனத்திற் கொண்டே நாம் தேக்கடிக்குச் சென்றோம்.

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களைக் கடந்து, லோயர்கேம்பிலிருந்து மலைப்பாதையில் ஏறினால், கேரள எல்லையில் குமுளி நம்மை வரவேற்கிறது. ஏலக்காய் மணக்கும் கடைவீதியைத் தாண்டியதும் பெரியாறு புலிகள் காப்பகம் தொடங்குகிறது. 1934-இல் வனவிலங்குச் சரணாலயமாகி, 1978-இல் புலிகள் காப்பகமான இக்காட்டின் இன்றைய பரப்பு 925 சதுர கிலோமீட்டர். இதன் நடுவே விரிந்து கிடக்கும் ஏரி, 1895-இல் கட்டி முடிக்கப்பெற்ற முல்லைப் பெரியாறு அணையால் உண்டானது. அன்று நீரில் மூழ்கிய காட்டின் அடிமரங்கள், நூறாண்டுகளுக்கு மேலாகியும் கறுத்த தூண்களாய் நீருக்கு மேல் நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகங்கள் சிறகுகளை விரித்து வெயில் காய்கின்றன.

படகில் ஏறுவோர் அனைவரும் யானையைக் காணவே விழைகின்றனர். கரையில் யானைக் கூட்டம் தென்பட்டுவிட்டால் பெரியோரும் சிறியோராகி விடுகின்றனர். அந்த வியப்பு நல்லதே. ஆனால், படகுத்துறையில் இறங்கும்போதே அது பலரிடம் மறைந்துவிடுகிறது. வியப்பு காட்டுக்குள் நுழையும் வாசல் மட்டுமே.

வியப்பு பொறுப்பாக முதிர்வதைக் காட்டுக்குள் நடந்து சென்றபோதே கண்டோம். அட்டைகள் ஏறாதபடி முழங்கால்வரை கெட்டித் துணியுறைகளை அணிந்து, சிறு குழுவாக ஒற்றையடிப் பாதையில் நடந்தோம். இங்கே வழிகாட்டிகளாக இருப்போருள், காட்டின் தொல்குடிகளான மன்னான், பளியர் இனத்தார் உண்டு. முன்னாளில் ‘வயணா’ என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையைக் களவாக உரித்து விற்றவர்களும் உண்டு. பட்டை உரிபட்ட மரம் பட்டுப்போகும். உரித்தவர் வாழ்வோ வழக்கும் கடனும் தலைமறைவுமாகக் கழியும். 1998-இல் அவர்களுள் இருபதுக்கும் மேற்பட்டோர் அத்தொழிலைக் கைவிட்டு, வனத்துறையின் துணையுடன் பயணிகளை அழைத்துச் செல்லவும் காட்டில் காவல் சுற்றவும் தொடங்கினர். கள்வர் செல்லும் தடங்களை அவர்களைவிட அறிந்தவர் யார்?

இத்தகைய ஒருவரின் பின்னே நடக்கும்போது, நாம் செலுத்தும் கட்டணம் வேறொரு பொருள் பெறுகிறது. அது வேடிக்கைக்குக் கொடுத்த விலையன்று. ஒரு மனிதர் மீண்டும் கத்தியெடுத்து மரத்தின்மீது கைவைக்காதிருக்க, அவர் வீட்டு அடுப்புக்கு நாம் சேர்த்த விறகு. பயணிகள் வருவது நின்றுபோனால் அவர் எங்கே செல்வார்? இதனை உணர்ந்தவர்க்கு எச்சரிக்கைப் பலகை தேவையில்லை. எம்முடன் வந்த சிறுவன் ஒருவன் மிட்டாய் உறையைக் கீழே போடப்போனவன், முன்னே செல்பவரை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். ஒருவரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை.

குமுளிப் பகுதியைச் சேர்ந்த பெண்கள் 2002 முதல் ‘வசந்த சேனா’ என்னும் பெயரில் ஒன்றுகூடி, முறை வைத்துக்கொண்டு காட்டில் காவல் சுற்றி வருகின்றனர். இதற்கு அவர்கள் கூலி பெறுவதில்லை. வீட்டு வேலையை முடித்துவிட்டுச் சந்தன மரங்களைக் காக்கப் புறப்படும் இத்தாய்மாரைப் பற்றிக் கேட்ட பயணி, இக்காட்டை ‘அரசாங்கத்தின் சொத்து’ என்று மட்டும் இனி எண்ணமாட்டார்.

பக்தியும் காட்டைக் காக்கும் என்பதற்கு இக்காப்பகத்திலேயே சான்றுண்டு. இலட்சக்கணக்கானோர் ஆண்டுதோறும் செல்லும் சபரிமலை இதன் எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கே 2011-இல் தொடங்கிய ‘புண்ணியம் பூங்காவனம்’ என்னும் முயற்சியின்கீழ், யாத்திரிகர்களே துடைப்பமேந்திக் குப்பையை அகற்றினர். இக்காடு தம் இறைவனின் பூங்காவனம் என்ற நம்பிக்கையே அவர்களைக் குனிய வைத்தது. சட்டத்திற்கு அஞ்சி அடங்குவோர், காவலர் கண் மறைந்ததும் மாறிவிடக்கூடும். அன்பினால் அடங்குவோர் அவ்வாறு மாறார்.

தமிழகத்திலிருந்து செல்லும் நமக்கோ மற்றுமொரு காரணம் உண்டு. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றின் நீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பித் தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்குப் பாய்கிறது. அணையைக் கட்டிய பென்னிகுவிக்கை நம் விவசாயிகள் மறக்கவில்லை. பொங்கல் நாளில் அவருக்கு நன்றி செலுத்துகின்றனர். 2013-இல் லோயர்கேம்பில் அவருக்கு மணிமண்டபமும் எழுந்தது. ஆனால், அணை நீரைத் தேக்குகிறதேயன்றிப் பிறப்பிப்பதில்லை. மழையை வேரில் வாங்கி, ஓடைகளில் சிறுகச் சிறுக விடுவது அக்காடு. அணைக்கு நன்றி கூறும் நாம் காட்டுக்குக் கடன்பட்டிருப்பதை மறக்கலாமா?

ஆகவே, கோடை விடுமுறையில் பிள்ளைகளுடன் தேக்கடி செல்லும் பெற்றோர், படகுச் சவாரியோடு திரும்பிவிட வேண்டாம். ஒரு காலைப்பொழுதேனும் உள்ளூர் வழிகாட்டியுடன் நடந்து, அவர் சொல்வதைக் கேளுங்கள். கொண்டு சென்ற பொருள்களின் மிச்சத்தைத் திரும்பக் கொண்டு வாருங்கள். குரங்குக்குத் தீனி எறிவதையும், யானையின் அருகே போகச் சொல்லி நச்சரிப்பதையும் தவிருங்கள். இறங்கி வரும் வழியில் வண்டியை நிறுத்தி, வாய்க்காலில் ஓடும் நீரைப் பிள்ளைகளுக்குக் காட்டி, அது எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். விடையை அவர்களே சொல்வார்கள்.