பாய் விரிச்ச வரிசை

எங்க திருநெல்வேலிப் பக்கம் கல்யாணச் சீர்னா பத்தமடைப் பாய் இருக்கணும். பொண்ணு மாப்பிள்ளை பேரைப் பாயிலேயே போட்டு நெய்து தருவாங்க. தாமிரபரணிக் கரையில வளர்ற கோரையைக் காயவச்சு, கிழிச்சு, தண்ணியில ஊறப்போட்டு, சாயம் ஏத்தி நெய்யுறது. கோரையை எவ்ளோ மெல்லிசா கிழிக்கிறாங்களோ அவ்ளோ ஒசத்தி. நல்ல பாயைத் துணி மாதிரி மடிக்கலாம்.

முன்னெல்லாம் எங்க ஊர் சந்தையில பாய்க்குன்னே ஒரு வரிசை இருக்கும். எங்க ஆச்சி விரிச்சு, தடவி, ஓரம் பிரியுதான்னு பார்த்து, நாலு குறை சொல்லி, அப்புறம்தான் பேரம். இப்போ அதே வரிசையில பிளாஸ்டிக் பாய். விலை கம்மி, நனைஞ்சாலும் கவலை இல்லை. வாங்குறவங்களை என்னத்த சொல்ல?

நல்ல பாய் பூம்புகார் கடைக்கும் கண்காட்சிக்கும் போயிடுது. நெய்யுறவங்களுக்கு நல்ல விலை கிடைச்சா சந்தோஷம்தான். ஆனா குறை சொல்ற ஆச்சிகள் அங்க இல்லீங்களே! அந்தக் குறைதானே அடுத்த பாயை ஒழுங்கா நெய்ய வச்சது?