கேமரா பார்க்கிறது, கயிற்றை யார் இழுப்பது?

பௌர்ணமி அன்று மாலை நான்கு மணிக்கே திருவண்ணாமலையின் வேங்கிக்காலில் வேலூர் சாலை நிரம்பத் தொடங்கிவிடுகிறது. போளூர் பக்கமிருந்து வரும் பேருந்துகள் ஆட்சியர் அலுவலகத்தைத் தாண்டியதும் ஊர்ந்துதான் போகின்றன. வேன்களில் வந்தவர்கள் செருப்பை வண்டியிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலும் பையுமாக மலையைப் பார்த்து நடக்கிறார்கள். கம்பத்துக்குக் கம்பம் கேமராக்கள். நான் பார்க்க வந்தது அவற்றைத்தான்.

2025 செப்டம்பர் 27 அன்று கரூர் வேலுச்சாமிபுரத்தில், ஓர் அரசியல் பிரசாரக் கூட்டத்தில் 41 பேர் நெரிசலில் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் திருப்பதியில் வைகுண்ட ஏகாதசி டோக்கனுக்காகக் காத்திருந்தவர்களில் 6 பேர். ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வாசல்களில் 11 பேர். ஒவ்வொரு முறையும் மறுநாள் தொலைக்காட்சியில் கேமராப் பதிவுகள் ஓடுகின்றன. நாமும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறோம். நடந்ததைக் காட்டிய அந்தக் கேமராக்கள் நடப்பதற்கு அரைமணி நேரம் முன்பு எதைக் காட்டின, அப்போது திரையின் முன் யார் இருந்தார்கள் என்ற கேள்வி என்னை விடவில்லை. மாதம் தவறாமல் பெருங்கூட்டம் கூடும் ஓர் ஊரில் அந்தக் கேள்வியோடு நடந்து பார்க்க நினைத்தேன். கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏற்பாடுகளைத் துறைகள் கூடிப் பேசித் தீர்மானிக்கும் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில்தான் இருக்கிறது என்பதால் அங்கிருந்தே புறப்பட்டேன்.

ஈசான்ய லிங்கத்தை நெருங்கும்போது முதல் சிக்கல் கண்ணில் பட்டது. மலையைச் சுற்றி முடித்து, கால் வலியோடு வண்டி நிறுத்தத்துக்குத் திரும்புகிறவர்கள் ஒரு பக்கம். அப்போதுதான் வந்திறங்கி ராஜகோபுரத்தை நோக்கி விரைகிறவர்கள் எதிர்ப் பக்கம். நடுவில் ஆட்டோ, பூக்கடை, கற்பூரத் தட்டு. ஒரு குடும்பம் பிரிந்துபோய், பாட்டி ஒரு பக்கமும் பேரன் மறுபக்கமுமாக நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே கேமரா இருந்தது. அது சாலையின் நீளத்தைப் பார்த்தபடி தாழ்வாக இருந்தது. வண்டி எண்ணைப் படிக்கவும் முகத்தை அடையாளம் காணவும் அந்த உயரம் போதும். கூட்டத்தின் அடர்த்தியை அறிய அது உதவாது. தாழ்வான கோணத்தில் முன்வரிசைத் தலைகள் பின்வரிசையை மறைத்துவிடும். நூறு பேரும் முந்நூறு பேரும் திரையில் ஒன்றாகத்தான் தெரிவார்கள். அடர்த்தியைப் பார்க்க வேண்டிய கேமரா உயரத்திலிருந்து, கூடியவரை நேர்கீழாகப் பார்க்க வேண்டும். திருட்டைப் பிடிக்கும் கேமராவும் நெரிசலைத் தடுக்கும் கேமராவும் வேறு வேறு என்பதை நம் ஊர்களில் யாரும் பிரித்துப் பேசுவதே இல்லை. எத்தனை கேமரா என்ற எண்ணிக்கை மட்டும் செய்தியாகிறது.

நெரிசல் என்பது ஒரு சதுர மீட்டரில் எத்தனை பேர் என்ற கணக்கில் தொடங்குகிறது. இரண்டு பேர் என்றால் தாராளமாக நடக்கலாம். நான்கைத் தாண்டினால் தோள் உரசும், நடை தடுமாறும். ஆறு, ஏழு என்று ஏறினால் அங்கே தனி மனிதர் என்று எவரும் இல்லை. கூட்டம் திரவம்போல அலையடிக்கும், நாம் நினைத்த பக்கம் கால் போகாது. இறப்பவர்களில் பலர் மிதிபட்டு இறப்பதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுந்தி, மூச்சை உள்ளிழுக்க இடமில்லாமல் இறக்கிறார்கள். பிரிட்டனின் விளையாட்டரங்கப் பாதுகாப்புக் கையேடு, சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் நிமிடத்துக்கு 82 பேருக்கு மேல் போக முடியாது என்று வகுத்திருக்கிறது. நான்கு மீட்டர் வாசல் என்றால் ஏறத்தாழ 330 பேர். நிமிடத்துக்கு 500 பேர் வந்துகொண்டே இருந்தால், பத்து நிமிடத்தில் 1,700 பேர் வாசலுக்கு வெளியே தேங்கிவிடுவார்கள். இந்தக் கழித்தல் கணக்கைப் போடுவதற்குத்தான் கேமரா.

ராஜகோபுரத்தின் முன் கும்பிட்டுவிட்டு, தேரடி வழியாகச் செங்கம் சாலைக்கு வந்தேன். ரமணாசிரமத்தைத் தாண்டிய பிறகு கூட்டம் தானாகவே ஒரு நடைக்கு வந்துவிட்டது. கிரிவலத்தில் எனக்கு மிகப் பெரிதாகப்படுவது இதுதான். 14 கிலோமீட்டர் பாதையில் அத்தனை பேரும் மலையை வலப்பக்கம் வைத்து, ஒரே திசையில் நடக்கிறார்கள். யாரும் எதிரே வருவதில்லை. பாதையைச் சராசரியாகப் பத்து மீட்டர் அகலம் என்று வைத்துக்கொண்டால் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் சதுர மீட்டர் கிடைக்கிறது. சதுர மீட்டருக்கு இரண்டு பேர் நடந்தாலும் ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்து எண்பதாயிரம் பேருக்கு இடம் இருக்கிறது. எந்தப் பொறியாளரும் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் முன்னோர் வகுத்த ஒருவழிப் பாதை இது. இத்தனை கூட்டத்தை இந்த ஊர் தாங்குவதற்கு முதல் காரணம் இந்த வழக்கம்தான். கேமராவெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

ஆபத்து இருப்பது இந்த ஓட்டம் நிற்கும் இடங்களில். அன்னதானப் பொட்டலத்துக்குக் கை நீளும் இடத்தில் பத்தடிக்குப் பாதை பாதியாகிவிடுகிறது. தீபத்தின்போது அன்னதானத்துக்கு அனுமதி வாங்க வேண்டும், குறித்த இடத்தில்தான் தர வேண்டும் என்று நிர்வாகம் வற்புறுத்துவதைப் பலர் கெடுபிடி என்று குறைப்படுகிறார்கள். நானும் அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்டவன்தான். அந்தப் பத்தடியில் நின்று பார்த்தபின் நிர்வாகத்தின் பக்கம்தான் என் மனம் சாய்கிறது.

பேரிகார்டு ஓரமாக நின்றிருந்த பெண் காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். பிற்பகலிலிருந்து நிற்பதாகச் சொன்னார். "கேமராவுல பாத்து உங்களுக்குச் சொல்றாங்களாம்மா?" என்று கேட்டேன்.

"மைக்ல சொல்லுவாங்க சார். ஆனா நிக்கிற எங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ஜனங்க நடக்கிற சத்தம் மாறிடும். காலைத் தூக்கி வைக்க மாட்டாங்க, தேய்ச்சித் தேய்ச்சி வருவாங்க. அப்பவே கயித்தப் போட்டு நிறுத்திடணும். அஞ்சு நிமிஷம் விட்டா அப்புறம் நம்ம கையில இல்ல."

"கயிறு போட நீங்களே முடிவு பண்ணலாமா?"

அவர் சற்று யோசித்தார். "கேட்டுட்டுப் போடுறதுதான் சார்."

அந்த "கேட்டுட்டு" எத்தனை நிமிடம் எடுக்கும் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

1989 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், ஹில்ஸ்பரோ மைதானத்தின் காவல் கட்டுப்பாட்டு அறையில் கேமராத் திரைகள் இருந்தன. அந்த அறையின் ஜன்னலிலிருந்து வெறும் கண்ணாலேயே பார்வையாளர் அடைப்புகள் தெரியும். வெளியே நெரிசல் முற்றியதால் பிற்பகல் 2.52 மணிக்கு ஒரு வெளிவாயிலைத் திறந்துவிட்டார்கள். உள்ளே நடுவிலிருந்த இரண்டு அடைப்புகள் ஏற்கெனவே பிதுங்கிக்கொண்டிருந்தன. அவற்றுக்குப் போகும் சுரங்கவழியை யாரும் மூடவில்லை. 97 பேர் இறந்தார்கள். கேமரா பழுதாகவில்லை, படமும் மங்கவில்லை. பார்த்ததை ஆபத்து என்று புரிந்துகொண்டு, அந்த ஒரு வழியை மூடச் சொல்ல யாரும் முன்வரவில்லை.

2022 அக்டோபர் 29 அன்று தென்கொரியத் தலைநகர் சோலின் இட்டேவோன் சந்தில் நடந்தது இன்னும் கசப்பானது. நெரிசலில் ஆட்கள் நசுங்கிச் சாகக்கூடும் என்று முதல் தொலைபேசி அழைப்பு வந்தது மாலை 6.34 மணிக்கு. உயிர்கள் போனது இரவு பத்து மணிக்குப் பிறகு. நம் நாட்டில், 2025 கும்பமேளாவுக்காகப் பிரயாக்ராஜில் ஏறத்தாழ 2,700 கேமராக்கள் இருந்தன. அவற்றில் முந்நூறுக்கும் மேற்பட்டவை செயற்கை நுண்ணறிவோடு கூட்டத்தை எண்ணக்கூடியவை. ஜனவரி 29 அதிகாலையில் தடுப்புகள் உடைந்து, கரையில் படுத்திருந்தவர்கள் மேல் கூட்டம் விழுந்தது. அரசு சொன்ன கணக்கே 30 உயிர்கள்.

கேமரா வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நெரிசல் பற்றி இன்று உலகம் அறிந்ததில் பெரும்பகுதி கேமரா கொடுத்ததுதான். 2006 ஜனவரியில் ஹஜ் யாத்திரையின்போது மினாவில் 340க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த இடத்தின் கேமராப் பதிவுகளை ஆய்வாளர் டிர்க் ஹெல்பிங் குழுவினர் ஆராய்ந்தபோது, சாவுக்கு முன் கூட்டம் இரண்டு கட்டங்களைத் தாண்டியது தெரிந்தது. முதலில் சீராக ஓடிய கூட்டம் நின்று நின்று நகரத் தொடங்கியது. பிறகு எல்லாத் திசையிலும் தள்ளாடியது. அந்த முதல் மாற்றத்துக்கும் சாவுக்கும் நடுவே நேரம் இருந்தது. 2025இல் வெளியான ஓர் ஆய்வுக்காக டெனிஸ் பார்தோலோ குழுவினர் ஸ்பெயினின் பாம்ப்லோனா திருவிழாவை மாடிகளிலிருந்து படமெடுத்து, அடர்த்தி ஓர் அளவைத் தாண்டியதும் நூற்றுக்கணக்கானோர் தம்மையறியாமல் சேர்ந்து வட்டமாக அசைவதைக் கண்டார்கள். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 18 விநாடி. செங்கம் சாலையில் நின்ற அந்தப் பெண் காவலர் காதால் கேட்டதை இவர்கள் கேமராவால் அளந்திருக்கிறார்கள்.

ஆதி அண்ணாமலையைத் தாண்டி வடக்குப் பக்கம் திரும்பும்போது இரவு ஏறிவிட்டது. ஒரு கம்பத்தில் ஏணி சாத்தி இளைஞர் ஒருவர் துணியால் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார். கீழே ஏணியைப் பிடித்திருந்தவரிடம் என்ன பழுது என்று கேட்டேன். "பழுதெல்லாம் இல்ல சார். சிலந்திதான். ராத்திரியில கேமராவுல சின்னதா செவப்பு லைட்டு எரியுதுல்ல, அதுக்குப் பூச்சி வரும். பூச்சிக்குச் சிலந்தி வரும். கூடு கட்டிடுச்சின்னா படமே வராது, வெள்ளையா தெரியும். அப்புறம் குரங்கு. ஒயர இழுத்துப் போட்டுடும்." கேமரா வாங்குவது ஒருநாள் செலவு, சிலந்தியைத் துடைப்பது தினசரி வேலை. டெண்டரில் இரண்டாவதற்கு எவ்வளவு ஒதுக்குகிறோம் என்று எல்லா ஊரும் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

குபேர லிங்கத்தைத் தாண்டியதும் இடுக்குப் பிள்ளையார். ஒருவர் ஒருக்களித்துத் தவழ்ந்து வெளியேறும் சின்னஞ்சிறு சந்நிதி. வரிசை பாதைக்குள் நீண்டு, நடப்பவர்களின் ஓட்டம் அங்கே நெளிந்தது. பௌர்ணமிக்கு இது தாங்கும். கார்த்திகை தீபத்தன்று, மாலை ஆறு மணியை நினைத்துப் பாருங்கள். கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் கொடிமரத்தின் முன் சில நிமிடங்களே காட்சி தருகிறார். அந்த நேரத்தில் 2,668 அடி உயர மலையுச்சியில் மகாதீபம் ஏறுகிறது. பாதையிலும் மாடவீதிகளிலும் இருக்கும் பல லட்சம் பேரும் ஒரே நொடியில் நின்று, தலையை உயர்த்தி, "அண்ணாமலையாருக்கு அரோகரா" என்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த ஒருவழிக் கூட்டம் அந்த நிமிடத்தில் நின்ற கூட்டமாகிறது. தரிசனம் முடிந்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் நகர்கிறார்கள். ஆறு மணிக்கு முந்தைய அரைமணியும் பிந்தைய ஒரு மணியும்தான் இந்த ஊருக்குச் சோதனை. கேமராக்களில் பாதி கோபுரத்தையும் மலையையும் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாத நேரம் அது.

ஆபத்தை முன்கூட்டிக் கண்டு கூட்டத்தை நிறுத்த முடியும் என்று இதே ஊர் காட்டியும் இருக்கிறது. 2024 டிசம்பர் 1 அன்று ஃபெஞ்சல் புயல் மழையில் மலைச்சரிவு இறங்கி, வ.உ.சி. நகரில் ஒரே இடத்தில் 7 பேர் மண்ணுக்குள் போனார்கள். டிசம்பர் 13 தீபம். வல்லுநர்கள் மலையைப் பார்த்தார்கள்; அந்த ஆண்டு பக்தர்கள் மலையேறக் கூடாது என்று அரசு சொன்னது. மனம் சுணங்கினாலும் மக்கள் கேட்டுக்கொண்டார்கள். காரணத்தைச் சொன்னால் நம் மக்கள் நிற்பார்கள்.

முகத்தை அடையாளம் காணும் கேமராக்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைந்த குழந்தையைத் தேடவோ, தேடப்படும் திருடனைப் பிடிக்கவோ அவை உதவலாம். ஆனால் நெரிசலைத் தடுக்க எவருடைய முகமும் தேவையில்லை. தலைகளை எண்ணினால் போதும். 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று சட்டம் வந்துவிட்ட நாட்டில், பாதுகாப்பின் பெயரால் முகங்களைச் சேர்த்து வைப்பதையும், பாதுகாப்புக்காகத் தலைகளை எண்ணுவதையும் ஒன்றாகக் குழப்புவது சரியல்ல. பிள்ளையின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண்ணைக் கட்டிவிடும் காகிதப் பட்டை, எந்த முகமறி மென்பொருளைவிடவும் விரைவாகப் பிள்ளையை அம்மாவிடம் சேர்க்கும்.

அடுத்த தீபத்துக்கு முன் நிர்வாகத்திடம் நான் கேட்பது இதுதான். ஈசான்ய லிங்கம், இடுக்குப் பிள்ளையார், கோயில் வாசல்கள், மாடவீதித் திருப்பங்கள் என்று சிக்கலான ஒவ்வோர் இடத்துக்கும் சதுர மீட்டருக்கு இத்தனை பேர் என்று ஓர் எல்லையை இப்போதே எழுதி வையுங்கள். அந்த எல்லையைத் தொட்டதும் மேலிடத்தைக் கேட்காமல் கயிறு போடும் அதிகாரத்தை, திரையின் முன் இருப்பவருக்கும் பாதையில் நிற்பவருக்கும் எழுத்தில் கொடுங்கள். கூட்டம் முன்பக்கம் நின்றுவிட்டது என்பதைப் பின்னால் வருகிறவர்களுக்குச் சொல்ல ஒலிபெருக்கி அங்கேயே இருக்கட்டும். செல்போன் சிக்னல் அன்று யாருக்கும் கிடைக்காது.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தீபம் பார்க்கப் போனால் குறுகலான இடத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். காவலர் கயிறு போட்டால் அதன் முன் சண்டையிடாமல் நில்லுங்கள். நாலு பக்கமும் உடல்கள் அழுத்தத் தொடங்கினால் இரு கைகளையும் நெஞ்சுக்கு முன் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள். தள்ளும் அலையை எதிர்க்காமல், அது தணியும் இடைவெளியில் ஓரத்தை நோக்கிச் சாய்வாக நகருங்கள். குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பவர்களிடம், முன்னால் இடமில்லை, தள்ளாதீர்கள் என்று உரக்கச் சொல்லுங்கள்.