லாரிக்கு நாடி பார்க்கும் ஊர்

நாமக்கல் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கும் 18 அடி ஆஞ்சநேயர். அப்புறம் கோழி முட்டை. ஆனால் இந்த ஊருக்கு இன்னொரு கீர்த்தியும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வெறும் எலும்புக்கூடாக, ‘சேஸிஸ்’ ஆக வரும் லாரிகளுக்கு உடம்பு கட்டுவது இங்குள்ள பட்டறைகள்தான். மரவேலை, இரும்பு வேலை, பெயிண்டு, பொட்டு எல்லாம் முடிந்து, புது மணப்பெண்ணைப் போல வண்டி வெளியே போகும்.

உடம்பு வந்துவிட்டால் நரம்பு வேண்டாமா? அதுதான் ஒயரிங். பட்டறைகளுக்கு நடுவே ஒரு சிறிய எலெக்ட்ரீஷியன் கடையில், தலை நரைத்த பெரியவர் ஒருவர் அந்த நரம்பு வைத்தியத்தைச் செய்துகொண்டிருந்தார்.

“வாங்க அம்மணி, நிழல்ல நில்லுங்க” என்று வரவேற்றார். அவருக்கு எதிரே ஒரு லாரி. டிரைவர் முகத்தில் ஈயாடவில்லை. பிரேக்கை மிதித்தால் இண்டிகேட்டரும் மங்கலாக எரிகிறதாம்!

“பேய் பிடிச்சிருக்குதுங்க” என்றான் கிளீனர்ப் பையன்.

“பேயுமில்லை, பிசாசுமில்லை. எர்த் போயிருக்குது” என்றார் பெரியவர். பல்புக்கு வந்த மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகத்தான் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அந்த இணைப்பு துருப்பிடித்தால், மின்சாரம் பக்கத்து பல்பு வழியே வழி தேடுகிறது. ஒரு பல்பும் இரண்டு ஒயரும் கொண்ட சோதனை விளக்கை வைத்து இடத்தைக் கண்டுபிடித்தார். உப்புத்தாளால் துருவைச் சுரண்டி, நட்டை முறுக்கினார். பேய் ஓடிப்போயிற்று!

“பியூஸ் போனா, அதே அளவு பியூஸ்தான் போடோணும். அவசரத்துக்குச் செம்புக் கம்பியைச் சுத்தினா, பியூஸ் எரியறதுக்குப் பதிலா வண்டி எரியுமுங்க” என்றார்.

டாஷ்போர்டில் எரியும் விளக்குகளைப் பற்றிக் கேட்டேன். லாரியானாலும் நம் வீட்டு ஜீப் மாதிரிக் காரானாலும் சூத்திரம் ஒன்றே. மஞ்சள் எரிந்தால், சீக்கிரம் பட்டறைக்குப் போக வேண்டும். சிவப்பு எரிந்தால் ஓரங்கட்ட வேண்டும். எண்ணெய்க் கிண்டி விளக்கு சிவப்பாக எரிந்தால், உடனே எஞ்சினை நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்ச தூரம் என்று ஓட்டினால் எஞ்சின் பாழ். பேட்டரி விளக்கு எரிந்தால், சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம். பெரிய லாரிகளில் 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டைச் சேர்த்து 24 வோல்ட் ஆக்கியிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது மீட்டரில் சுமார் 28 காட்ட வேண்டும். பல வண்டிகளில் சார்ஜ் ஏற்றும் பெல்ட்டே தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்திருந்தால், அடுத்து எஞ்சின் கொதிக்கும்!

“எரியற விளக்கைவிட எரியாத விளக்குதானுங்க ஆபத்து” என்றார் பெரியவர். சாவியைத் திருப்பியதும் முக்கியமான எச்சரிக்கை விளக்குகள் ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். ஏதாவது ஒன்று எரியவே இல்லையானால், அதுவே ஒரு கோளாறு. பழைய கார் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். கோளாறை மறைக்க விளக்கையே பிடுங்கிவிடும் புண்ணியவான்களும் உண்டாம்!

கூலி கொடுக்கும்போது டிரைவர் முணுமுணுத்தார்: “பின் விளக்குக்குப் போய் அரை நாள் போச்சுங்களே!”

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். “ராத்திரி ரோட்டோரத்துல இருட்டா நிக்கற லாரி மேல வந்து மோதறவனும் ஒரு தாய் பெத்த பிள்ளைதானுங்க.”

டிரைவர் அப்புறம் பேசவில்லை. வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். கிளீனர் பின்னால் நின்று, “லெப்ட் எரியுது... ரைட் எரியுது... பிரேக் எரியுது!” என்று குரல் கொடுத்தான்.

சகோதரிகளே, வெளியூர் கிளம்புமுன் உங்கள் காருக்கும் அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுங்கள். அவர் ஓட்டுகிறாரா? நீங்கள் பின்னால் நின்று குரல் கொடுங்கள். நீங்கள் ஓட்டுகிறீர்களா? அவரை இறங்கி நிற்கச் சொல்லுங்கள்!