ஆழம் ஒன்று

சென்ற வருடம் நோன்புப் பெருநாள் விடுமுறையில் உம்மும்மாவின் கதைகளைப் பதிவு செய்யத் தொடங்கினேன். அஸர் தொழுதுவிட்டு வெளித் திண்ணையில் வந்து இருப்பார். நான் கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துவிட்டு, "உம்மும்மா, அந்தக் காலத்துச் சோனகதெருவைப் பற்றிச் சொல்லுங்களேன்" என்பேன். ஒரு நாள் கிணற்றடியைப் பற்றிச் சொல்வார். ஒரு நாள் கல்யாண வீட்டுச் சமையலைப் பற்றிச் சொல்வார். ஒரு நாள் ஐந்து சந்தியில் இருந்து எங்கள் வீடு வரைக்கும் இருந்த 21 வீடுகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். யார் இருந்தார்கள், என்ன தொழில், எந்த வீட்டு முற்றத்தில் என்ன மரம் நின்றது என்றெல்லாம் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் சொன்னார்.

1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது உம்மாவுக்கு ஒன்பது வயது. இரண்டு மணித்தியாலத்தில் போய்விட வேண்டும் என்று சொல்லப்பட்ட நாள் அது. அல்பம், காணி உறுதி, பள்ளிக்கூடச் சான்றிதழ் ஒன்றும் எங்கள் குடும்பத்தின் கையில் வரவில்லை. புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டுத் திரும்பி வந்தபோது வீதி இருந்தது, வீடுகளில் பல இல்லை. ஆகவே அந்த 21 வீடுகளின் பட்டியல் உம்மும்மாவின் தலைக்குள் மட்டும்தான் இருந்தது. அதை வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

உயர்தரத்தில் நான் எடுத்திருக்கும் பாடங்களில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பமும் ஒன்று. கொழும்பில் வேலை செய்யும் நானா தன் பழைய மடிகணினியை எனக்குத் தந்தபோது, கிற் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளையும் போட்டுக் காட்டித் தந்திருந்தார். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 இல் எழுதியது அது. நாம் ஒரு கோப்பைத் திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது பழையது போய்விடும் அல்லவா? கிற்றில் அப்படிப் போகாது. ஒவ்வொரு முறையும் "இதைப் பதிவு செய்" என்று கட்டளை கொடுத்தால், அன்றைய நிலையை அது அப்படியே வைத்துக்கொள்ளும். அந்தப் பதிவை கொமிற் என்பார்கள். எல்லாப் பதிவுகளும் சேர்ந்தது ஒரு களஞ்சியம். இன்று அழித்த வரியை ஆறு மாதம் கழித்துக்கூட எடுக்கலாம்.

உம்மும்மாவின் கதைகளுக்கு ஒரு களஞ்சியம் உருவாக்கினேன். குரல் பதிவுகளையும் அதற்குள்ளேயே போட்டேன். அவர் பேசியதை அப்படியே எழுதிய கோப்புகளை "பேச்சு" என்ற தனிக் கிளையில் வைத்தேன். பிரதான கிளையில் அதையே நல்ல தமிழில் திருத்தி எழுதினேன்.

பிறகு ஒரு கட்டுரைப் போட்டி வந்தது. சொல்லெண்ணிக்கைக்கு அடங்க வேண்டும் என்பதற்காகக் குறைத்தேன். "எங்கட கிணத்தடியில பின்னேரம் பெண்டுகள் எல்லாரும் கூடுவம்" என்று உம்மும்மா சொன்னது, "மாலை வேளைகளில் பெண்கள் கிணற்றடியில் ஒன்றுகூடினர்" என்று ஆனது. 21 வீடுகளும் "எமது அயலவர்கள்" என்ற இரண்டு சொற்களுக்குள் போயின. களஞ்சியம் பாரமாக இருக்கிறது என்று குரல் பதிவுகளையும் அழித்தேன். பயம் இருக்கவில்லை. அழித்தாலும் கிற்றின் வரலாற்றில் எல்லாம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கைத்தொலைபேசியிலும் இடம் போதாமல் அங்கிருந்தவற்றையும் அழித்துவிட்டேன். போட்டியில் ஆறுதல் பரிசு கிடைத்தது.

மூன்று மாதம் கழித்து மடிகணினி அடிக்கடி தானாக அணையத் தொடங்கியது. வன்தட்டை மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். கொடுப்பதற்கு முன் களஞ்சியத்தைப் பென் டிரைவுக்குப் படியெடுக்க இருந்தேன். இணையத்தில் ஏற்றி வைக்கவில்லை, ஏனென்றால் டேட்டா எங்கள் வீட்டில் எண்ணி எண்ணிச் செலவழிக்கும் சாமான்.

ஒரு களஞ்சியத்தைப் படியெடுக்கும் கட்டளை கிற் குளோன். தெரிவு எதுவும் சேர்க்காமல் கொடுத்தால் வரலாறு முழுவதும் வரும். எனது பென்னில் ஒரு கிகாபைட்டும் மிச்சம் இல்லை. களஞ்சியமோ அழித்த குரல் பதிவுகள் எல்லாம் உள்ளே இருந்ததால் ஒன்றரைக் கிகாபைட்டுக்கு மேல். அப்போதுதான் எங்கோ படித்த ஒரு தெரிவு நினைவுக்கு வந்தது: --டெப்த் 1. டெப்த் என்றால் ஆழம். ஆழம் ஒன்று என்று கொடுத்தால் கடைசிப் பதிவு மட்டும் வரும், அதற்கு முந்தியவை வரா. வேகமாகவும் முடியும், இடமும் மிச்சம்.

கட்டளையைத் தட்டினேன். கிற் ஓர் எச்சரிக்கை காட்டியது. ஒரே கணினிக்குள் படியெடுக்கும்போது ஆழத் தெரிவு கவனிக்கப்படாது, வேண்டுமானால் முகவரிக்கு முன்னால் ஃபைல் என்று போட்டுக் கொடு என்பதே அதன் கருத்து. சொல்லிவிட்டு முழுக் களஞ்சியத்தையும் படியெடுக்கத் தொடங்கியது. பென் நிறைந்து பாதியில் நின்றது. எனக்கு எரிச்சல் வந்தது. எச்சரிக்கை சொன்னபடியே ஃபைல் என்று போட்டு மறுபடி கொடுத்தேன். இரண்டு செக்கனில் முடிந்தது. முந்நூறு கிலோபைட்!

நான் கேட்காமலே அந்த இயந்திரம் எனக்கு முழுவதையும் தரப் பார்த்தது. நான்தான் வேண்டாம் என்று வற்புறுத்தினேன். பென்னில் இருந்த கொரிய நாடகங்கள் நாலை அழித்திருந்தால் எல்லாம் அடங்கியிருக்கும்.

கடைக்காரர் "உள்ளுக்க ஏதும் எடுக்கக் கிடக்கோ தங்கச்சி?" என்று கேட்டார். "இல்லை, கொப்பி எடுத்திட்டன்" என்றேன். பழைய தட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்தோம்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் உம்மும்மாவின் குரலைக் கேட்க ஆசை வந்தது. வரலாற்றைக் காட்டும் கட்டளையைக் கொடுத்தேன். 64 பதிவுகள் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது: "போட்டிக்கு இறுதி வடிவம்". "பேச்சு" கிளையைத் தேடினேன். அதுவும் இல்லை. ஆழத் தெரிவைக் கொடுத்தால், வேறுவிதமாகச் சொல்லாதவரை, கிற் ஒரு கிளையை மட்டுமே கொண்டுவரும் என்பதை அன்றுதான் படித்தேன். ஆழமில்லாத படியை நிரப்ப --அன்ஷலோ என்று ஒரு தெரிவு இருக்கிறது. மூலக் களஞ்சியத்துக்குப் போய் விடுபட்ட வரலாற்றை எடுத்து வரும். அதையும் கொடுத்துப் பார்த்தேன். அப்படி ஒரு களஞ்சியம் இல்லை என்று பதில் வந்தது. வாப்பா கடைக்கு ஓடினார். பழைய தட்டுகளை எல்லாம் ஏற்கெனவே கழித்துவிட்டார்களாம்.

அன்றிரவு நான் அழுததைப் பார்த்து உம்மா விசாரித்தார். சொன்னேன். அவருக்குக் கிற் விளங்கவில்லை, குரல் போனது விளங்கியது. "21 வீடும் போச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் உம்மும்மாவிடம் போனேன்.

"ஏன் மகள் அழுறீங்க? நான் இன்னும் இருக்கிறன்தானே. திரும்பக் கேளுங்கோ" என்றார்.

திரும்பக் கேட்டேன். இந்த வருடம் அவருக்கு மறதி கூடியிருந்தது. ஐந்து சந்தியில் இருந்து தொடங்கி ஏழு வீடு வரை சரியாக வந்தார். அதற்குப் பிறகு குழம்பியது. முருங்கை நின்ற வீட்டையும் மாதுளை நின்ற வீட்டையும் மாற்றிச் சொன்னார். திரும்பத் திரும்ப விரல் மடித்து எண்ணினார். 14 வீடுகள்தான் வந்தன. "மற்றது வாயில நிக்குது, வருதில்ல" என்று தன்னையே கோபித்துக்கொண்டார். அவரை அப்படிக் கஷ்டப்படுத்தியது எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

பிறகு உம்மா ஒரு வேலை செய்தார். புத்தளத்தில் இருக்கும் சாச்சிக்கு அழைத்தார். சாச்சிக்கு அந்த வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடிய நினைவில் இரண்டு வீடு தெரிந்தது. நீர்கொழும்பில் இருக்கும் ஒரு பெரியவருக்குத் தையல் கடைக்காரரின் வீடு எது என்று தெரிந்தது. இன்னும் இருவரிடம் கேட்டு 19 வீடுகள் வரை சேர்த்தோம். ஒருவரிடமும் முழுப் பட்டியல் இல்லை. ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டு இருந்தது.

இதைப் பற்றி யோசித்தபோது எங்கள் ஊர்க் கதைகள் இரண்டு எனக்கு வேறு மாதிரி விளங்கின. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஒரே நூலின் ஏட்டுப் பிரதிகளைப் பல இடங்களில் தேடி ஒப்பிட்டார் என்று படித்திருக்கிறோம். ஒரு ஏட்டில் செல்லரித்த வரி இன்னொரு ஏட்டில் இருக்கலாம் அல்லவா? மற்றது 1981 மே 31 இரவு தொடங்கி எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகம். ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அங்கே அழிந்தன. அவற்றில் வேறெங்கும் படி இருந்தவற்றைத் திரும்பத் தேடலாம். படி இல்லாதவை போனது போனதுதான். கிற் பிறந்த அதே 2005 இல்தான் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் வருடி இணையத்தில் வைக்கும் நூலகம் திட்டமும் தொடங்கியது. நான் பழைய சஞ்சிகைகளை அங்கேதான் படிக்கிறேன். இதுவரை அதை ஒரு வசதி என்று மட்டும் நினைத்திருந்தேன்.

நடந்ததை நானாவிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. பெரியவர்களுக்கும் இது நடக்கும் என்று ஒரு சம்பவம் சொன்னார். கேடிஈ என்பது உலகம் முழுவதும் உள்ளவர்கள் சேர்ந்து இலவச மென்பொருள் செய்யும் ஒரு கூட்டமைப்பு. 2013 மார்ச்சில் அவர்களின் பிரதான சேவையகம் பழுதடைந்தது. ஏறத்தாழ 1,500 களஞ்சியங்கள் அதில் இருந்தன. வேறு சேவையகங்களில் படிகள் இருந்தன என்றாலும், அவை --மிரர் என்ற தெரிவால் கண்ணாடிபோல் மூலத்தைப் பின்பற்றின. ஆகவே மூலத்தில் நேர்ந்த பழுதையும் அப்படியே பின்பற்றின. அந்த நேரத்தில் தற்செயலாக ஒத்திசையாமல் இருந்த ஒரே ஒரு சேவையகம்தான் அவர்களைக் காப்பாற்றியது.

"அப்ப, ஆழமில்லாத படியும் கூடாது, கண்ணாடிப் படி மட்டும் இருந்தாலும் போதாது. வேற வேற இடத்தில, வேற வேற ஆக்களிட்ட இருக்கோணும். எடுத்த படியைத் திறந்தும் பார்க்கோணும்" என்றார்.

எனது தவறு அந்தக் கடைசி வசனத்தில் இருக்கிறது. படி எடுத்தேன், திறந்து பார்க்கவில்லை. வரலாற்றைக் காட்டும் கட்டளையை அன்றே ஒரு தரம் கொடுத்திருந்தால், 64 க்குப் பதிலாக ஒன்று இருப்பதைக் கண்டிருப்பேன். அப்போது பழைய தட்டும் என் கையில் இருந்தது.

இப்போது புதிய களஞ்சியத்துக்கு மூன்று முழுப் படிகள் இருக்கின்றன. ஒன்று என்னிடம், ஒன்று நானாவிடம், ஒன்று புத்தளத்தில் சாச்சி மகளிடம். உம்மும்மாவின் பேச்சைத் திருத்தாமல் எழுதிய கோப்பை இம்முறை பிரதான கிளையிலேயே வைத்திருக்கிறேன். திருத்தியது வேண்டுமானால் கிளையில் இருக்கட்டும். சென்ற வருடத்துக் குரல், அந்தத் தடுமாறாத குரல், இனி வராது. இந்த வருடத்துக் குரல் இருக்கிறது. இடையிடையே "பொறுங்கோ, பொறுங்கோ" என்று யோசிக்கும் குரல்.

ஒருவேளை உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் திண்ணையில் இருப்பார். கேளுங்கள், பதிவு செய்யுங்கள், படியெடுங்கள். எடுத்த படியைத் திறந்து பாருங்கள்.

இன்னும் ஒரு வேண்டுகோள். இந்தச் சஞ்சிகையைப் படிக்கும் பெற்றோர்களில் பலர் அந்த வீதியில் பிறந்தவர்கள். பட்டியலில் எட்டாவது வீடும் பதினைந்தாவது வீடும் இன்னும் வெறுமையாக இருக்கின்றன. எட்டாவது வீட்டு வாசலில் ஒரு பெரிய வேம்பு நின்றதாம். பதினைந்தாவது வீட்டில் இருந்தவர்கள் நோன்புக் காலத்தில் வீதிக்கே கஞ்சி கொடுப்பார்களாம். அவர்கள் யார் என்று தெரிந்தவர்கள், உங்கள் மகளிடம் சொல்லி அனுப்புங்கள். நான் வகுப்பில்தான் இருப்பேன்.